கரையும் விளக்கு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். லைட் ஹவுஸ் ஏறிப் பார்க்கச் சொல்லி நீங்கள் எழுதியதை நம்பி, வெயிலில் நின்று டிக்கெட் வாங்கி ஏறினோம். சுழல்படி, கடைசியில் குறுகலான ஏணி, மேலே போனால் காற்று. சின்ன மகள் பயந்துபோய் என் சட்டையை விடவே இல்லை. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டோம். கடற்கரைக் கோயிலில் கிடைத்ததில் கால்பங்குகூட இங்கே இல்லை. ஜிபிஎஸ் வந்தபிறகு இதற்கெல்லாம் என்ன வேலை? பக்கத்துப் பாறைமேல் இருக்கும் கோயிலில்தான் முன்பு விளக்கு வைத்திருந்தார்கள் என்றார் கைடு. நிஜமா, வழக்கமான சரடா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

கைடு இந்த முறை சரடு விடவில்லை. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே நிற்கிறதே ஒலக்கண்ணேஸ்வரர் கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் பணி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விளக்கு எரிந்தது அதன் தலையில்தான். சிகரம் போய் மொட்டையாக நின்றது வெள்ளைக்காரர்களுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் ஏறிய கல் கோபுரம் 1904இல்தான் முழுதாக வேலைக்கு வந்தது.

ஏமாற்றத்துக்கு வருவோம். நீங்கள் போனது அது தூங்கும் நேரத்தில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய கலங்கரை விளக்கங்களில் பகலில் லென்ஸைச் சுற்றித் திரை போட்டு மூடிவிடுவார்கள். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அந்நாட்டு இயற்பியலாளர் ஃப்ரெனெல் முதன்முதலாகப் பொருத்திய வகை லென்ஸ் அது. வளையம் வளையமாக அடுக்கிய பட்டகக் கண்ணாடிகள், நாலாபக்கமும் சிதறும் வெளிச்சத்தை மடக்கி ஒரே கற்றையாகக் கடலுக்கு அனுப்பும். அதே கண்ணாடி பகலில் வெயிலை உள்பக்கமாகக் குவித்தால் விளக்கே பொசுங்கிவிடும். பெரிய லென்ஸ்களைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டிருப்பார்கள். டன் கணக்கில் எடை, ஆனால் விரலால் தள்ளினால் சுழலும்.

இன்னொன்று, கலங்கரை விளக்கம் என்ற அந்தப் பெயர். 'கரை' என்று வருவதால் கடற்கரையில் இருக்கும் விளக்கு என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல் இது. கலங்களைக் கரையும், அதாவது கப்பல்களைக் கூப்பிடும் விளக்கம். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகம் வருகிறது. அது மாமல்லபுரமே என்று சொல்பவர்கள் உண்டு. வானத்துக்கு முட்டுக்கொடுத்தாற்போல உயர்ந்த மாடம், ஏற ஒரு ஏணி, மேலே கூரை கிடையாது, இரவில் மூட்டிய தீ. கடலில் ஓடும் கலங்களை அந்தத் தீ கூப்பிடுகிறது என்கிறார் புலவர். உங்கள் மகளைப் பயமுறுத்திய ஏணிக்கு ஏறக்குறைய 2000 வயது.

கூப்பிடுகிறது என்றால் குரல் இருக்க வேண்டுமே? இருக்கிறது. விளக்கு எத்தனை முறை மின்னும், நடுவில் எத்தனை விநாடி இருட்டு என்பது விளக்குக்கு விளக்கு வேறுபடும். கடல் வரைபடத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். ஒருமுறை தெரிந்தவர் ஒருவரின் ஃபைபர் படகில் பின்னிரவில் போனேன். நாலைந்து மைல் தாண்டியதும் ஈசிஆர் ரிசார்ட்டுகள், மண்டபங்கள், பெட்ரோல் பங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே மஞ்சள் கோடாகிவிட்டன. எது எந்த ஊர் என்று சொல்ல முடியாது. அந்தக் கோட்டில் ஒரு புள்ளி மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. படகுக்காரர் பீடியை எடுக்காமலே, "அதோ மாபலிபுரம் சார்" என்றார். ஜிபிஎஸ் அவர் காலடியில் பாலித்தீன் பைக்குள் கிடந்தது. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "அது பேட்டரி இருக்கிற வரைக்கும்தானே."

வேலை குறைந்தது உண்மைதான். பெரிய கப்பல்கள் இதை நம்பி இல்லை. ஆனால் இல்லாமல் போகவில்லை.

சென்னையில் இந்த விளக்கு வீடு மாறிக்கொண்டே இருந்தது. 1796இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டிடத்தின் மொட்டைமாடியில் தேங்காய் எண்ணெய் விளக்குகள். 1844இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் தனிக் கல்தூண். அந்தத் தூண் இன்னும் நிற்கிறது, பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 1894இல் நீதிமன்றத்தின் மாடக் கோபுரத்துக்கே ஏறியது. 80 ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களுக்கு வழி காட்டியது உயர் நீதிமன்றம்தான். வாய்தாவுக்கு அலைந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். 1977இல் மெரினாவுக்கு வந்தது.

மெரினாவில் லிஃப்ட் உண்டு, சின்னவளுக்கு ஏணித் தொல்லை இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் ஏறவே வேண்டாம். பொழுது சாய்ந்தபின் போங்கள். சுண்டல் வாங்கிக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டி மணலில் உட்காருங்கள். விளக்கு மின்னும் வரிசை ஒருமுறை தொடங்கியதிலிருந்து அதே வரிசை மறுபடி தொடங்கும்வரை மகளை எண்ணச் சொல்லுங்கள். நாலைந்து தடவை எண்ணினால் கணக்கு சரியாக வந்துவிடும். எத்தனை வந்தது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்.