பாக்கெட் வாட்சின் பின்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

தாத்தா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவருடைய பாக்கெட் வாட்சுக்குச் சாவி கொடுத்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் திரும்பவில்லை, ஓடவும் இல்லை. அதிகமாகச் சாவி கொடுத்து உடைத்துவிட்டேன் என்று வீட்டில் திட்டுகிறார்கள். (பெரம்பூர் வாசகி)

உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் முழுக்கச் சுற்றிக்கொண்டால் அதற்கு மேல் திரும்பாது. உடைந்திருந்தால் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகிச் சக்கரங்களைப் பிடித்திருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். முழுசாகக் கழற்றி ஓவர்ஹாலிங் செய்யச் சொல்லுங்கள். தையல் மெஷின் எண்ணெயை விட்டுப் பார்க்காதீர்கள். ஒருமுறை என்னிடம் வந்த வாட்சைத் திறந்ததும் காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை!

செல்போனிலேயே மணி தெரிகிறது. இந்தப் பழைய சாமானில் அப்படி என்ன இருக்கிறது? (வண்ணாரப்பேட்டை வாசகர்)

மணி பார்க்க மட்டும் என்றால் வாங்காதீர்கள். என்னிடம் ஒரு வெள்ளிக் கேஸ் வாட்ச் இருக்கிறது, தனிச் சாவி போட்டுத் திருகும் ரகம். பின்மூடிக்குள் இன்னொரு மூடி. அதையும் திறந்தால் பாலன்ஸ் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, தலைமுடி மாதிரியான ஹேர்ஸ்பிரிங் விரிந்து சுருங்கும். மூச்சு விடுவது போலவே இருக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மூடியின் உள்பக்கம். பழுது பார்த்தவர்கள் தேதியையும் தங்கள் குறியையும் ஊசியால் கீறி வைப்பது அந்தக் கால வழக்கம். லூப் என்ற கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் என் வாட்சில் ஐந்து பேரின் கையெழுத்து. ஒருவர் தமிழ் எண்ணில் கீறியிருக்கிறார். யாரோ, எந்தத் தெருவோ!

அந்த வாட்ச் அப்போது காட்டிய மணியும் இன்றைய மணி இல்லை. இந்தியா முழுமைக்குமான பொது நேரம் 1906 ஜனவரி 1-ல்தான் வந்தது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரப்படி. இன்றைய கணக்கில் சுமார் 9 நிமிடம் பின்னே. சில ஞாயிறுகளில் வாட்சை 9 நிமிடம் பின்னே தள்ளி வைத்துக்கொண்டு, 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டு வருவேன். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

நடைபாதைக் கடையில் 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். பின்னால் ரயில் எஞ்சின் படம். பழைய ரயில்வே வாட்ச்தானே? (வியாசர்பாடி வாசகர்)

படத்தை நம்பி வாங்கிவிட்டீர்கள். எஞ்சின் படம் போட்ட புது வாட்சுகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. கேஸை விடுங்கள், உள்ளே மெஷினில் கம்பெனிப் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கிறதா பாருங்கள். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க வாட்சுகளுக்கு அந்த நம்பரை வைத்தே தயாரான ஆண்டை ஓரளவு சொல்லிவிடலாம். டயலையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழைய எனாமல் டயல் என்பது செம்புத் தகட்டின் மேல் சூளையில் உருக்கிய கண்ணாடி. மயிரிழை விரிசல் இருந்தாலும் வெண்மை மங்காது.

முள்ளில் ரேடியம் பூசியிருக்கிறது, இப்போது ஒளிரவில்லை. சுரண்டிவிடலாமா?

கூடவே கூடாது. ஒளிர வைக்கும் பொடிதான் கெட்டுப்போயிருக்கிறது. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். தூள் மூச்சில் போனால் ஆபத்து. கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே வையுங்கள்.

காசிமேட்டில் கடலை ஒட்டி வீடு. வெள்ளிக் கேஸ் கறுத்துப்போகிறது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குச் சரி, வாட்சுக்கு வேண்டாம். பொடி இடுக்கு வழியாக மெஷினுக்குள் போகும், மெல்லிய செதுக்கு வேலைப்பாடும் தேய்ந்துவிடும். மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும். கறுப்பால் கெடுதல் இல்லை. உப்புக்காற்றில் ஹேர்ஸ்பிரிங் துரு ஏறினால்தான் வம்பு. இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். காந்தம் ஏறினால் வாட்ச் தாறுமாறாக ஓடும்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பலாமா?

100 வயது தாண்டியிருந்தால் முடியாது. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள் கணக்கில் வரும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மகள் ஊருக்கு வரும்போது மாட்டிக்கொள்ளட்டும்.

முன்மூடி போட்ட வாட்சை 'டப்'பென்று மூடக் கூடாதாமே?

ஆமாம். மேலே உள்ள குமிழை அழுத்திப் பிடித்தபடி மூடியைச் சாத்திவிட்டு, பிறகு விரலை எடுங்கள். சத்தமே வராது. சினிமா ஹீரோ மாதிரி ஒற்றைக் கையால் மூடிப் பழகினால் கொக்கி தேய்ந்து, ஒரு நாள் பையிலேயே திறந்துகொள்ளும்.