வீட்டு நாஸ் சர்வருக்கு எந்த எஸ்எஸ்டி? கேள்வி பதில்

கேள்வி: நான்கு ஹார்டு டிஸ்க் உள்ள நாஸில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டி) எஸ்எஸ்டி கேஷ் (அடிக்கடி கேட்பதை வைத்துக்கொள்ளும் வேகமான இடைச் சேமிப்பு) சேர்த்தால் சினிமாக் கோப்புகள் வேகமாக நகலாகுமா?

பதில்: ஆகாது. ஒரு கிகாபிட் ஈதர்நெட்டில் நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பிதான் போகும். பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இன்றைய ஹார்டு டிஸ்க் ஒன்றே அதைவிட வேகமாகத் தரும். நாஸிலும் கணினியிலும் இடம் இருந்தால், அந்தப் பணத்தை 2.5 கிகாபிட் கார்டுக்கும் சுவிட்சுக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: ஐயா, ட்ரூநாஸ் (நாஸுக்கான இயங்குதளம்) வைத்திருக்கிறேன், ராம் 8 ஜிபி. ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தாலே காத்திருக்க வேண்டியிருக்கிறது. எல்2ஆர்க் கேஷ் (ராமுக்கு அடுத்ததாக எஸ்எஸ்டியில் வைக்கும் இரண்டாம் கேஷ்) போடலாமா?

பதில்: முதலில் ராமைக் கூட்டுங்கள். ட்ரூநாஸின் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் ராமைத்தான் முதல் கேஷாக வைத்துக்கொள்கிறது. எல்2ஆர்க்கில் என்ன இருக்கிறது என்ற அட்டவணையும் ராமில்தான் உட்காரும். 8 ஜிபியில் பெரிய எஸ்எஸ்டியை மாட்டினால் இருக்கிற கேஷும் சுருங்கும். 32 ஜிபி ஆக்கிய பிறகும் தாமதம் இருந்தால் எஸ்எஸ்டி பற்றிப் பேசலாம். உங்களுடையது எஸ்எஸ்டி உண்மையிலேயே உதவக்கூடிய வேலைதான்: சிதறிக் கிடக்கும் சிறு கோரிக்கைகளை ஹார்டு டிஸ்க் நொடிக்கு நூறு அளவில் முடிக்கும், எஸ்எஸ்டி பல்லாயிரம் முடிக்கும்.

கேள்வி: மெட்டாடேட்டாவை (கோப்பின் பெயர், இருக்கும் இடம் போன்ற குறிப்புகளை) மட்டும் எஸ்எஸ்டியில் வைக்கும் ஸ்பெஷல் விடெவ் (இசட்எஃப்எஸ் சேமிப்பின் தனி உறுப்பு) அமைக்க ஒரு எஸ்எஸ்டி போதுமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எல்2ஆர்க் எஸ்எஸ்டி செத்தால் வேகம் மட்டும் குறையும், ஒரு கோப்பும் போகாது. ஸ்பெஷல் விடெவ் செத்தால் ஹார்டு டிஸ்க்குகள் அத்தனையும் நன்றாக இருந்தும் மொத்த பூலும் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பு) போய்விடும். குறைந்தது இரண்டு எஸ்எஸ்டிகளை மிரராக (ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்கும்படி) வையுங்கள். இரண்டும் வெவ்வேறு தயாரிப்பாக இருப்பது நல்லது, ஒரே ஃபர்ம்வேர் கோளாறு இரண்டையும் சேர்த்து வீழ்த்தாது. உங்கள் பூல் ரெய்டு-இசட் (மீட்கும் தகவலோடு தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைக்கும் முறை) என்றால் சேர்த்த விடெவைப் பிறகு கழற்றவும் முடியாது. ஏற்கெனவே எழுதிய மெட்டாடேட்டா தானாக எஸ்எஸ்டிக்கு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். புதிதாக எழுதுவதுதான் அங்கே போகும்.

கேள்வி: ஸ்லாக் (சிங்க் எழுத்தை உடனே பதிந்துவைக்கும் தனி எஸ்எஸ்டி) போட்டால் எழுதும் வேகம் கூடுமா?

பதில்: என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு முறை) வழியாக ஓடும் மெய்நிகர் கணினி, தரவுத்தளம் போன்றவற்றின் சிங்க் எழுத்துக்கு, அதாவது பத்திரமாகப் பதிந்தாயிற்று என்ற உறுதி வரும்வரை காத்திருக்கும் எழுத்துக்கு மட்டும் கூடும். விண்டோஸிலிருந்து கோப்பு நகலெடுப்பவருக்குப் பெரும்பாலும் பயனில்லை. அளவு 16 ஜிபியே தாராளம். மின்சாரம் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டிதான் வேண்டும். இன்டெல் ஆப்டேன் இதற்கு அருமையானது. அந்தத் தொழிலை இன்டெல் 2022இல் மூடிவிட்டதால், மிச்ச சரக்கைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: விலை குறைந்த க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் எஸ்எஸ்டி) வாங்கலாமா?

பதில்: எழுதிவைத்துப் படிக்க மட்டும் என்றால் வாங்கலாம். கேஷுக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் வேகமான பகுதி நிரம்பியதும் பல க்யூஎல்சி எஸ்எஸ்டிகள் ஹார்டு டிஸ்க்கைவிட மெதுவாகிவிடும். ஆயுளும் குறைவு: 1 டிபி சாம்சங் 870 ஈவோவுக்கு 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம், அதே அளவு 870 க்யூவிஓவுக்கு 360 டிபிதான்.