திருவிழாத் தகராறுக்குப் பின் காலியான பெஞ்சுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓமலூர் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை நான். கோயில் திருவிழாவில் எழுந்த தகராறு கல்வீச்சில் முடிந்ததிலிருந்து, ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கு வருவதில்லை. வருகிற சிலரோடு மற்றவர்கள் சேர்ந்து உட்காருவதில்லை. சமாதானக் கூட்டம் நடந்துவிட்டது, இனிப் பிரச்சினை இல்லை என்கிறார்கள். பிள்ளைகளிடமே இதைப் பற்றிக் கேட்கலாமா? கேட்டால் அவர்களை வம்பில் இழுத்துவிட்டதாக ஆகாதா?

பதில்: கேட்க வேண்டும், ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். வட்டாட்சியரும் காவல்துறையும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிய கூட்டத்தில் தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பது முடிவாகியிருக்கும். எட்டு வயதுப் பெண் குழந்தை எந்த வழியாகப் பள்ளிக்கு நடந்து வரும் என்பதை அங்கே யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆகவே அந்த வழியிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து வகுப்பறை வரையிலான வழியை வரையச் சொல்லுங்கள். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்பு வண்ணத்தில் ஒரு வட்டம் போதும், பெயர் எழுத வேண்டாம். பெண் பிள்ளைகளைத் தனியாக வரையச் செய்யுங்கள். வராத பிள்ளைகளுக்கு அந்தத் தாளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சிவப்பு வட்டம் பள்ளிக்குள் விழ வேண்டும் என்பதில்லை. டீக்கடைத் திருப்பத்திலோ, ஏரிக்கரைப் பாதையிலோ, பள்ளியின் பின்பக்கக் கழிப்பறைக்குப் போகும் சந்திலோ விழலாம். எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் முதல் சில வாரங்களுக்கு இரு பகுதிப் பெற்றோரும் ஓர் ஆசிரியரும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்ய முடியும்.

எக்காரணம் கொண்டும் கேட்கக்கூடாத ஒன்று உண்டு: கல்லெறிந்தது யார் என்பது. அதைக் கேட்ட மறுநொடியே பிள்ளை சாட்சியாகிவிடுகிறது. விசாரிப்பது காவல்துறையின் வேலை. அவர்களுக்குமே, சிறாரிடம் பேசும்போது இயன்றவரை சீருடையில் இருக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் சிறார் நீதி மாதிரி விதிகள் சொல்கின்றன.

உங்கள் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமலிருந்த ஒரு மாணவர், அதற்கான காரணம் பள்ளிக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகு வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே, சொன்னது யார் என்பது வெளியே போகாமலிருக்க வழி செய்திருக்க வேண்டும் என்பதையே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் தம் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி உங்கள் பள்ளியில் எங்கே தொங்குகிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி அலுவலக வாசலில் தொங்கும் பெட்டியில் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது.

அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர்களைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. யார் பக்கத்தில் யார் என்பதை ஆசிரியர் தீர்மானித்ததாக இல்லாமல் எழுத்து தீர்மானித்ததாக ஆவதால், வீட்டில் கேட்டாலும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ‘மகிழ் முற்றம்’ திட்டத்தில் பிரித்திருக்கும் குழுக்களில் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்களா என்பதையும் சரிபாருங்கள். நல்லிணக்க உறுதிமொழி, பேனர், புகைப்படம் இவையெல்லாம் இப்போது வேண்டாம். பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்கு யார் எப்போது தண்ணீர் விடுவது என்பதைப் பிள்ளைகளே சேர்ந்து வகுத்துக்கொள்ளட்டும், அது போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தைப் பிள்ளைகள் வராத அந்தக் குடியிருப்பிலேயே நடத்துங்கள். நீண்ட நாள் வரவில்லை என்று பெயரை அடிக்கும் பேச்சே எழக் கூடாது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற அச்சட்டம் இடம் தரவில்லை.

கேள்வி: சேலம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனை, பள்ளி விழாவில் போரைப் பற்றி மேடையில் பேசச் சொல்கிறார்கள். அவன் இங்கேயே பிறந்தவன். மறுத்தால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குகிறோம்.

பதில்: தயங்காமல் மறுக்கலாம், அம்மா. ஆனால் முதலில் மகனிடம் கேளுங்கள். முடிவு அவனுடையதாக இருக்கட்டும். 1989-இல் ஐ.நா. நிறைவேற்றி, 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. அது உரிமையே தவிர கடமை அன்று என்பதை ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2009-இல் தெளிவாக்கியது.

1992-இல் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்காக ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் எழுதிய கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். பெரியவர்கள் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குப் பேசவிடுவது ஆகிய முதல் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. பார்க்காத போரைப் பற்றி ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கச் சொல்வது அந்த மூன்றுக்குள்தான் அடங்கும். ஆசிரியர் நல்லெண்ணத்தில் கேட்டிருக்கலாம். இருந்தாலும், ‘அகதி’ என்ற சொல்லையே விலக்கி 2021-இல் அரசு முகாம்களின் பெயரை மாற்றிய பிறகும், ஒரு பையனை மேடையேற்றி அந்த அடையாளத்தை மட்டும் ஊருக்குக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அவனுக்குக் கிரிக்கெட்டோ கணக்கோ பிடிக்குமானால் அதைப் பற்றிப் பேசட்டும்.

கேள்வி: எங்கள் ஏற்காட்டில் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாகிறது, மழையில் தங்குமிடமாகிறது. கலவரத்தின்போது பந்தோபஸ்துக்கு வரும் காவலர்கள் அங்கே தங்கினால் மட்டும் என்ன தவறு?

பதில்: வாக்குப்பெட்டியைத் தேடி யாரும் தாக்க வருவதில்லை என்று பொதுவாகச் சொல்லலாம், ஆயுதம் தங்கும் இடம் தாக்குதலுக்கு இலக்காகும். சத்தீஸ்கரில் பாதுகாப்புப் படைகள் பள்ளிகளில் தங்கின, மாவோயிஸ்டுகள் பள்ளிகளைத் தகர்த்தனர். படைகள் பள்ளிகளைக் காலி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஊர் மக்களும் ஆசிரியர்களும் இரு தரப்பிடமும் பேசி, பள்ளி வளாகத்தில் ஆயுதம் கூடாது என்று ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். 2011-இல் அந்நாட்டு அரசே பள்ளிகளை அமைதி மண்டலங்களாக அறிவித்தது. போர்க்காலத்தில் கல்வியைக் காப்போம் என்று பல நாடுகள் தரும் உறுதிமொழியாக 2015 மே மாதம் ஆஸ்லோவில் வெளியான பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தோடு இணைந்த வழிகாட்டுதல்கள், இயங்கும் பள்ளியை விடுமுறை நாளிலும் படைகள் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. அவை போர்க்காலத்துக்கானவை, உள்ளூர்ப் பந்தோபஸ்துக்கு அப்படியே பொருந்தா. ஆனால் வகுப்பறையில் துப்பாக்கியோடு ஆட்கள் படுத்திருந்தால், பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவது இங்கும் இயல்பு. சமுதாயக் கூடத்தையோ திருமண மண்டபத்தையோ ஒதுக்கித் தரும்படி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். அதன் நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போகட்டும்.