பழைய கார், புது பிரேக், எரியாத விளக்கு: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): பழைய அம்பாசடரில் பெரிய விட்டமுள்ள இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் (மிதித்ததும் பிரேக் ஆயிலை இரண்டு தனித்தனிக் குழாய் வழிகளில் தள்ளும் உருளை) பொருத்தினோம். பெடல் கல்லைப் போல இருக்கிறது. மெதுவாக மிதித்தால் பிரேக் விளக்கு எரிவதில்லை. ஸ்விட்சை இரண்டு முறை மாற்றிவிட்டேன், ஐயா.

பதில்: மூன்றாவதை வாங்காதீர்கள். உங்கள் ஸ்விட்ச் பெடலைப் பார்த்து வேலை செய்வதில்லை. குழாயில் ஏறும் ஆயில் அழுத்தத்தைப் பார்த்து வேலை செய்கிறது. விட்டம் 19 மில்லிமீட்டரிலிருந்து 22 ஆனால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதே விசையில் மிதித்தாலும் அழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஸ்விட்சுக்குத் தேவையான அழுத்தம் வருவதற்குள் வண்டி வேகம் இழக்கத் தொடங்கியிருக்கும். பின்னால் வருபவருக்கு அது தெரியாது.

முதலில் ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, சாவியைத் திருப்பி, ஒன்றோடொன்று தொட வையுங்கள். விளக்கு எரிந்தால் ஒயரிங்கில் குறையில்லை. எரியாவிட்டால் ஃபியூஸ், பல்பு, எர்த் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) என்று தேடுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமலேயே கடைக்குப் போகிறார்கள்.

எரிந்தால், பெடல் தாங்கியில் பொருத்தும் ஸ்விட்சுக்கு மாறிவிடுங்கள். பெடல் ஓய்வில் இருக்கும்போது அதன் குமிழ் அமுங்கியிருக்க வேண்டும். பெடல் ஒரு சென்டிமீட்டர் இறங்கியதும் விளக்கு வர வேண்டும். பெடல் முழுவதும் மேலே வருவதைக் குமிழ் தடுக்கக் கூடாது. கூடவே ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். 21 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். ஸ்விட்சின் சின்னஞ்சிறு முனைகளைக் கருக்குவது அதுதான்.

கேள்வி (கோவை): மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய பிறகு விளக்கு அணைவதே இல்லை. ஆயில் அழுத்த ஸ்விட்ச்தான். பத்து கிலோமீட்டர் ஓடியதும் சக்கரங்கள் கொதிக்கின்றன.

பதில்: வண்டியை எடுக்காதீர்கள். விளக்கு பொய் சொல்லவில்லை. உள்ளே உண்மையிலேயே அழுத்தம் நிற்கிறது. விளக்கு எரியும்போதே ஒரு சக்கரத்தின் ப்ளீடர் நிப்பிளை (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் சிறு திருகு) தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து விளக்கும் அணைந்தால் உறுதி. பெரும்பாலும் பெடலிலிருந்து சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் தள்ளுகம்பி நீளமாக இருக்கும். பிஸ்டன் முழுவதும் பின்வாங்காததால், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கிறது. கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

கேள்வி (சேலம்): ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு வாங்கிய இரட்டைச் சுற்று சிலிண்டரில் இரண்டு ஸ்விட்சுகள் இருக்கின்றன. ஒன்றை இணைத்தால் போதாதா?

பதில்: போதாது. இரண்டையும் பேரலலாக இணையுங்கள். ஒரு சுற்று ஒழுகி அழுத்தம் போனாலும் மற்றது விளக்கை எரிய வைக்கும்.

கேள்வி (சென்னை): 1950களின் மோரிஸ் மைனர். எல்இடி பல்பு போட்டேன், எரியவில்லை. பழைய பல்பு எரிகிறது.

பதில்: உங்கள் வண்டியில் பாடி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கிறது. சாதாரண பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு. பாசிட்டிவ் எர்த்துக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (திருச்சி): ஸ்விட்சுக்காக பிரேக் குழாயில் டீ (T வடிவ) இணைப்பு போட்டோம். எவ்வளவு முறுக்கினாலும் ஆயில் கசிகிறது.

பதில்: முறுக்குவதை உடனே நிறுத்துங்கள். பிரிட்டிஷ் வண்டியின் 3/8 அங்குல மரை 9.5 மில்லிமீட்டர், மெட்ரிக் மரை 10. சின்னது பெரிய துளைக்குள் இறுகுவதுபோலவே ஏறும், கையை ஏமாற்றும். அவசரமாக மிதிக்கும் நாளில் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். கழற்றி, இரண்டையும் மரை அளவியால் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது.

பதில்: பின்விளக்கின் எர்த் போய்விட்டது. திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகப் போகிறது. எர்த் திருகைக் கழற்றி, அடியிலுள்ள பெயின்ட்டைத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.