வெயில்ல சைக்கிள் சவுட்டுதவங்களுக்கு: கூல் பாட்டில் கேள்வி-பதில்

மார்ச் பொறந்துட்டா கடையில டயர், டியூப்ப விட பாட்டில் பத்தின கேள்விதான் ஜாஸ்தி. போன்லயும் நேர்லயும் கேட்டதுல ஒண்ணுபோல இருக்கதெல்லாம் சேர்த்து பதில் போடுதேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கிடுங்க.

கேள்வி (வடசேரி): வீட்டுல ஒரு லிட்டர் ஸ்டீல் பிளாஸ்க் சும்மா கெடக்கு. அதையே சைக்கிள்ல மாட்டிக்கிட்டா போதாதா?

ஆபீஸ்ல போயி உக்காந்து குடிக்கதுக்குன்னா தாராளமா போதும், பேக்ல போட்டுட்டு போங்க. ஓட்டிக்கிட்டே குடிக்கணும்னா சரிப்படாது. முதல்ல சைஸ். பாட்டில் நிக்கதுக்கு பிரேம்ல மாட்டுத கூடு, அதான் கேஜ், பெரும்பாலும் 73, 74 மில்லிமீட்டர் விட்டம் உள்ள பாட்டிலுக்குன்னு செஞ்சது. பிளாஸ்க்க சுத்தி ஒரு நூல் கட்டி அந்த நூல ஸ்கேல்ல வச்சு பாருங்க, 23 சென்டிமீட்டர் பக்கம் வந்தா உட்காரும், 25 வந்துச்சுன்னா கேஜ வளைச்சு திணிக்காதீங்க, ஒடிஞ்சிரும். அடுத்தது, சைக்கிள் பாட்டில்ல கழுத்துக்கு கீழ சுத்தி ஒரு பள்ளம் ஓடும் பாத்திருப்பீங்க, அழகுக்குன்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, கேஜோட நாக்கு அதுலதான் போயி மாட்டும். பிளாஸ்க்ல அது கிடையாது, வழவழன்னு இருக்கும், ரோட்டு குழி ஒண்ணுல வீல் இறங்குனா எகிறி ரோட்டுல கெடக்கும்.

இதெல்லாம் கூட சமாளிச்சிரலாம், திருகு மூடியத்தான் சமாளிக்க முடியாது. தொறக்க ரெண்டு கையும் வேணும், அப்ப வண்டிய நிறுத்தணும், நிறுத்த யாருக்கும் மனசு வராது. சுசீந்திரம் தாண்டட்டும், கொட்டாரம் வரட்டும், இன்னா கன்னியாகுமரியே வந்துட்டுன்னு தள்ளிப்போட்டு கடைசில தலைவலியோட வீட்டுக்கு வருவீங்க, பிளாஸ்க்ல முக்கால்வாசி தண்ணி ஜில்லுன்னு அப்படியே இருக்கும். அதனால கடைக்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல எத்தன மணி நேரம் கூலா இருக்கும்னு பேசமாட்டேன், ஒரு கையால எடுத்து, பல்லால கடிச்சு தொறந்து, அமுக்கி குடிச்சிட்டு, ரோட்டுல இருந்து கண்ண எடுக்காம திரும்ப வைக்க முடியுதான்னு அங்கயே செஞ்சு பாக்கச் சொல்லுவேன்.

கேள்வி (தக்கலை): டபுள் வால் பிளாஸ்டிக்கா, ஸ்டீல் வேக்குவமா? ஸ்டீல்ல 24 மணி நேரம் கூல்னு போட்டிருக்கானே.

24 மணி நேரம்னு போடுதது பொய்யில்ல, ஆனா நெறைய ஊத்தி, மூடி, தொறக்காம ஒரு எடத்துல வச்சு பாத்த கணக்கு அது. நம்ம பத்து நிமிசத்துக்கு ஒருக்க தொறக்கோம், பாதி காலியாகிட்டுன்னா மிச்சம் உள்ள கொஞ்ச தண்ணி சீக்கிரம் சூடாகும். அப்படி இருந்தும் குளிர்ச்சி விஷயத்துல ஸ்டீல் வேக்குவம்தான் ராஜா, ரெண்டு சுவருக்கும் நடுவுல காத்தே இல்ல, அப்ப சூடு கடந்து வர வழி கம்மி. ஆனா காலி பாட்டிலே 300 கிராமுக்கு மேல இருக்கும், அமுக்க முடியாது. பிவோ மாதிரி ஒண்ணு ரெண்டு கம்பெனிக்காரங்க உள்ள காத்து போக தனி வழி வச்சு, கவுத்தினாலே தண்ணி விழுத மாதிரி செய்யுதாங்க, நல்லாத்தான் இருக்கு, விலைதான் நம்மள யோசிக்க வைக்கும்.

டபுள் வால் பிளாஸ்டிக்ல பெருசா எதிர்பாக்காதீங்க. கேமல்பேக் கம்பெனியோட ‘போடியம் சில்’னு ஒரு டபுள் வால் பாட்டில் இருக்கே, அந்த கம்பெனியே சாதா பாட்டில விட ரெண்டு மடங்கு நேரம்னுதான் சொல்லுது. சாதா பாட்டில் வெயில்ல அரைமணி நேரத்துல வெந்நி ஆகுதுன்னா இது ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. இன்னொண்ணு, வெளிய ஒரே சைஸ்ல தெரிஞ்சாலும் உள்ள ரெண்டு சுவர் இருக்கதால கொள்ளளவு குறையும், 750 மில்லி உள்ள எடத்துல 620தான் நிக்கும். காலையில ரெண்டு மணி நேரம் ஓட்டுத ஆளுக்கு என்கிட்ட கேட்டா ரெண்டு கேஜ் போடுங்க, ஒண்ணுல டபுள் வால், இன்னொண்ணு சாதா பாட்டில். சாதாவ முதல்ல குடிச்சு தீத்துருங்க.

கேள்வி (மார்த்தாண்டம்): நைட்டு ஸ்டீல் பாட்டில் நெறைய தண்ணி ஊத்தி பிரீசர்ல வச்சேன், காலையில அடி உப்பி நிக்குது, நேரா நிக்கமாட்டேங்குது. சரி பண்ணலாமா?

சரி பண்ண முடியாது மக்களே. தண்ணி ஐஸாகும்போது 9 சதவீதம் போல பெருசாகும், போக எடம் இல்லாம உள்சுவர தள்ளும், அதோட வேக்குவமும் போயிரும். போயிட்டான்னு தெரியணும்னா கொதிக்க கொதிக்க வெந்நி ஊத்தி மூடி அஞ்சு நிமிசம் கழிச்சு வெளிய தொட்டுப் பாருங்க, பாட்டில் உடம்பு சுட்டுச்சுன்னா இனி அது வெறும் ஸ்டீல் சொம்பு. புதுசா வாங்கும்போதும் வீட்டுக்கு வந்த அன்னைக்கே இந்த டெஸ்ட்ட செஞ்சிருங்க, மாத்தி வாங்கலாம்.

பிரீசர்ல வைக்க பிளாஸ்டிக் பாட்டில்தான் லாயக்கு. மூணுல ஒரு பங்கு தண்ணி ஊத்தி, மூடிய எடுத்துட்டு சாய்ச்சு வைங்க, ஐஸ் ஒரு பக்கமா சரிவா பிடிக்கும், நடுவுல வழி அடைக்காது. காலையில மேல தண்ணி ஊத்திட்டு கிளம்புங்க. ஐஸோட பலம் சாதாரணம் இல்ல, ஒரு கிராம் ஐஸ் உருகுததுக்கு எடுக்க சூட வச்சு ஒரு கிராம் தண்ணிய 80 டிகிரி ஏத்திரலாம். ரெண்டு சுவர் செய்யாத வேலைய ஒரு கட்டி ஐஸ் செய்யும்.

கேள்வி (குளச்சல்): நனைஞ்ச சாக்ஸ பாட்டில் மேல மாட்டுனா கூலாகும்னு சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் ஆகல.

உங்க தப்பு இல்ல, ஊரு அப்படி. ஈரம் காத்துல ஆவியாகி போனாதான் சூட இழுத்துட்டு போகும். கடலோரத்துல காத்துலயே ஈரம் நெறஞ்சு இருக்கு, சாக்ஸ்ல உள்ள ஈரம் எங்க போகும்? அதே சாக்ஸ மாட்டிட்டு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கரண்ட் எடுக்க காத்தாலைகளுக்கு நடுவுல ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் தெரியும், அங்க காத்து அடிக்க அடியில சைக்கிள நேரா பிடிக்கதுதான் கஷ்டம்.

இதையே உங்க உடம்புக்கும் வச்சு பாருங்க. முட்டம், மண்டைக்காடு ரோட்டுல வேர்வை காயாம சொட்டு சொட்டா ஹேண்டில்ல விழுதுன்னா அது உங்கள குளிர வைக்கல, சும்மா வெளிய போகுது. டெம்பரேச்சர் 33தானேன்னு ஏமாறக் கூடாது. தலைசுத்தல், குமட்டல், பேச்சு குழறுதுன்னா அதுக்கு மேல ஒரு மிதி மிதிக்கக் கூடாது, நிழல்ல படுக்க வச்சு உடம்புல தண்ணி ஊத்தி விசிறிட்டே ஆஸ்பத்திரிக்கு போகணும்.

குளச்சல்காரருக்கு இன்னொரு விஷயம், கேஜ பிடிச்சிருக்க ரெண்டு எம் 5 போல்ட்டும் உப்புக்காத்துல துரு ஏறி இறுகிரும். கழட்டி கிரீஸ் தடவி மாட்டி வைங்க.

கேள்வி (பேச்சிப்பாறை): 500 மில்லி பாட்டில்ல ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்லா?

ஸ்ட்ராங்கா இருக்கும், அதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவன பார்முலா பாக்கெட் 20.5 கிராம், அது ஒரு லிட்டருக்கு. அரை லிட்டர்ல போட்டா உப்பு ரெண்டு மடங்கு ஆகிரும், தாகம் கூடும், வயிறு பொரட்டும். 200 மில்லிக்கு உள்ள சின்ன பாக்கெட்டும் கிடைக்கும், கவர்ல என்ன போட்டிருக்குன்னு பாத்து கலக்குங்க. பிரஷர், கிட்னி பிரச்சனை உள்ளவங்க டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க. எவ்வளவு குடிக்கணும்னும் கேட்டிருந்தீங்க: கிளம்பும்போதும் வந்த பிறகும் வெயிட் போட்டு பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா குடிச்சது போக ஒரு லிட்டர் பற்றாக்குறைன்னு அர்த்தம். கூடியிருந்தா தேவைக்கு மேல குடிச்சிருக்கீங்க, வெறும் தண்ணிய லிட்டர் கணக்குல ஊத்துததும் நல்லதில்ல.

கேள்வி (அஞ்சுகிராமம்): பாட்டில்ல அக்கானி (பதநீர்), மோர் கொண்டு போலாமா?

அக்கானிய அங்கயே நின்னு பட்டையில குடிச்சிட்டு ஏறுங்க, பாட்டில்ல அடைக்காதீங்க. சுண்ணாம்பு போட்டிருந்தாலும் வெயில் ஏற ஏற புளிக்க ஆரம்பிச்சிரும், கேஸ் கட்டும், வாய்கிட்ட கொண்டு போயி வால்வ தொறந்ததும் மூஞ்சியில பீச்சி அடிக்கும். அடியில படியுத சுண்ணாம்பும் லேசுல போகாது. மோர் பரவாயில்ல, வடிகட்டி ஊத்துங்க, கறிவேப்பில ஒண்ணு போதும் பாட்டில் வாய அடைக்க. வந்த உடனே கழுவணும், நாளைக்கு பாப்போம்னு போட்டா அந்த நாத்தம் பாட்டில் சாகுத வரைக்கும் இருக்கும். வால்வு ரப்பர கழட்டிப் பாருங்க, உள்பக்கம் கருப்பா புள்ளி புள்ளியா இருக்கும், அது பூஞ்சை. ஆப்ப சோடா கலந்த வெந்நியில ராத்திரி ஊறப்போட்டு பழைய டூத் பிரஷால தேச்சு, மூடாம கவுத்து காய வைங்க.

கேள்வி (இரணியல்): லேடீஸ் சைக்கிள், பிரேம்ல கேஜ் மாட்ட ஓட்டையே இல்ல.

ஹேண்டில்ல கட்டுத துணிப்பை கிடைக்கும், உள்ள போம் வச்சது, மேல கயிறு இழுத்து மூடுதது. அதுல சாதா பாட்டில போட்டாலே கொஞ்ச நேரம் ஜில்லுன்னு நிக்கும். பிரேக் கேபிள்ல உரசாம கட்டுங்க.