பட்டம் வாங்கிய பிறகு அவர் செய்ததைச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் பள்ளி மகளிர் நாள் விழாவில் சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி தலைமையாசிரியர் கூறியிருக்கிறார். ‘சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்’ என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் மனத்தில் பதியும்படி எதைச் சொல்லலாம்?
– ஓர் ஆசிரியை, மயிலாடுதுறை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆறாம் வகுப்பு மாணவிகளின் வயதிலிருந்து தொடங்குங்கள். 1886இல் மயிலாப்பூரில் பிறந்த சுப்புலட்சுமிக்கு ஏறத்தாழ அந்த வயதில்தான் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார். விதவைச் சிறுமிகளுக்குத் தலையை மழித்து, நல்ல காரியங்களில் முகம் காட்டவிடாமல் வைத்திருந்த அந்தக் காலத்தில், அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சாமல் மகளைப் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். பலரும் இந்த இடத்தில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

தம்மைப் போன்ற விதவைச் சிறுமிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர் தொடங்கிய இல்லம், பின்னர் மெரினாவை ஒட்டிய ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி உருகாமல் இருப்பதற்காகக் கட்டப்பட்டு, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் அந்த வளைந்த கட்டடத்தைக் கடற்கரைச் சாலையில் போகும் எவரும் பார்த்திருப்பார்கள். மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த சிறுமிகள் அதன் சுவர்களுக்குள்தான் பாடம் படித்து, ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். இல்லத்தை நடத்த அவருக்குத் துணைநின்ற சித்தி வாலாம்பாளும் விதவைதான். அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். அந்த இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அதோடு, பக்கத்துக் குப்பத்து மீனவர் பிள்ளைகளுக்காக அவர் தனியே ஒரு பள்ளி தொடங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வரானார். அரசுப் பணியில் இருந்ததால் இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர அவருக்கு அனுமதி இல்லை. ஆனாலும் குழந்தை மணத்துக்கு எதிராகப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கும் பிந்தியது. 1942இல், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தபின், வயதுவந்த பெண்கள் படிப்பதற்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி உருவாக அவர் முன்நின்ற 1956இல் அவருக்கு வயது 70. 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பரில் மறைந்தார்.

விழாவுக்கு வரும் தாய்மார்களில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 1942ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போது அவர்களைப் பார்த்துப் பேசுங்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுவது எப்படி, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்பதைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவர்கள் வீடு திரும்பும் வழியில் கண்ணில் படும்படி பள்ளி வாசலில் ஒட்டிவையுங்கள்.