கொழுந்தன் சொல்லும் குறுக்கு வழி

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் வசிக்கும் இல்லத்தரசி நான். எங்கள் ஊர்ச் சமையல் பற்றி ஏழு மாதமாக ஒரு வலைத்தளம் நடத்துகிறேன். நம் தளத்தில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் கிடைத்தும் இதுவரை 8 டாலர்தான் சேர்ந்திருக்கிறது. "குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல சொல்லி, ஆளுக்குத் தினம் ரெண்டு கிளிக் பண்ணச் சொல்லுவோம் மதினி, பணம் வந்துரும்" என்கிறார் கொழுந்தன். செய்யலாமா? இதை நம்பித் தையல் வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம், சகோதரி.

கொழுந்தன் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் இருக்கிற 8 டாலரும் போய்விடும். விளம்பரம் கொடுப்பவர் கைக்காசு போட்டுக் கொடுக்கிறார். வாங்கும் எண்ணமே இல்லாத அத்தையும் சித்தப்பாவும் தினமும் அதைத் தட்டினால் நஷ்டம் அவருக்கு. அதனால் கூகுள் இதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. பிடிபட்டால் கணக்கை முடக்கி, சேர்ந்த தொகையை விளம்பரதாரருக்கே திருப்பிவிடும். அப்படி முடங்கியவர் மறுபடி புதுக் கணக்கு தொடங்கவும் அனுமதி இல்லை. அதைவிட, 2024 முதல் பணம் தரும் முறையே மாறிவிட்டது. கிளிக்கை எண்ணுவதை விட்டு, விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை வைத்துத்தான் காசு தருகிறார்கள். கொழுந்தன் ஏதோ பழைய வீடியோ பார்த்திருக்கிறார் போல.

தெரியாமல் விழும் கிளிக்கையும் கவனியுங்கள். சமையல் பக்கம் படிப்பவர் ஃபோனை மசாலா டப்பாவில் சாய்த்துவைத்து, ஈரக் கையோடு பக்கத்தைத் தள்ளுவார். தேவையான பொருட்களுக்கும் செய்முறைக்கும் நடுவில் பெரிய விளம்பரம் வந்தால் விரல் அதில்தான் படும். அவர் எரிச்சலோடு வெளியே போவார், உங்கள் கணக்கிலும் செல்லாத கிளிக் ஏறும். விளம்பரம் வரும் இடத்தைக் கூகுளே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ விளம்பரத்தை இயக்கியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். திரை முழுக்க மூடுவதை நிறுத்தியே விடுங்கள்.

சரி, எவ்வளவு வரும்? கூகுள் பணம் அனுப்புவது 100 டாலர் சேர்ந்த பிறகுதான். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 2 லட்சம் பார்வை வேண்டும். நம் ஊர் வாசகருக்கு விளம்பரதாரர்கள் கொடுக்கும் விலை குறைவு. அதே பக்கத்தைச் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்து ஒருவர் திறந்தால் விலை ஏறும். தையல் மிஷினை ஏன் மூடவேண்டாம் என்கிறேன் என்று புரிகிறதா?

ஆனால் உங்கள் கையில் நல்ல சரக்கு இருக்கிறது. சாம்பார், ரசம் என்று எழுதினால் ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்பீர்கள். சொதியும் கூட்டாஞ்சோறும் உளுந்தஞ்சோறும் அப்படியல்ல. வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடுவது இதைத்தான். சொதிக்குத் தேங்காயின் முதல் பால், இரண்டாம் பால் எவ்வளவு, எதை எப்போது ஊற்றவேண்டும், திரிந்துபோனால் என்ன செய்வது என்று மாமியார் சொல்வதை அப்படியே எழுதுங்கள். படம் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டையைப் பண்டிகைக்கு முந்தின நாள் போட்டுப் பயனில்லை. தேடலில் வந்து உட்கார நேரம் பிடிக்கும், ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். தீபாவளி வரைக்கும் விளம்பர விலையும் நன்றாக இருக்கும். ஜனவரியில் விழும், அப்போது பயப்படாதீர்கள்.

இன்னொன்று. 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கக் கூகுள் ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்பும். வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சின்ன அட்டைதான், நோட்டீஸ் என்று நினைத்து யாரும் குப்பையில் போட்டுவிடாமல் வீட்டில் சொல்லி வையுங்கள். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தபால்காரருக்குப் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று இப்போதே ஆட்சென்ஸ் கணக்கில் பாருங்கள். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும். பெயரும் வங்கிப் பாஸ்புக்கில் உள்ளபடியே இருக்கட்டும். கணக்கு உங்கள் பெயரில் என்றால் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரிலேயே கொடுங்கள், கணவர் பெயரில் வேண்டாம்.